தக்கைப்பூண்டு பூத்த நாள்

அத்தியாயம் 14

காலை ஐந்தரைக்குக் கம்பவுண்டர் வயலுக்குள் இறங்கினார். தக்கைப்பூண்டு அவர் நெஞ்சளவுக்கு நின்றது. நேற்று மாலை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த மஞ்சள் பூ, இன்று வயல் முழுவதும் இருந்தது. கிழக்கு வரப்பிலிருந்து மேற்கு வரப்பு வரை நடந்து நூறு செடிகளை எண்ணினார். ஐம்பத்திரண்டில் பூ இருந்தது.

பாதி பூத்ததும் உழுதுவிட வேண்டும். மண் பரிசோதனை அலுவலர் சொன்ன கணக்கு அது. விட்டால் தண்டு முற்றி நாராகும். நார் லேசில் மக்காது. இந்தச் செடியை அறுவடைக்காக யாரும் விதைப்பதில்லை. வளர்த்து, பூத்த கையோடு மண்ணுக்குள் புதைக்கவே விதைக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பினார். வீடு என்பது வயலின் மூலையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுவரில் ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. அதில் எழுதினார். '46ஆம் நாள். பூ 52. இலை நல்ல பச்சை. இன்று உழவு.' முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த கை. நிலத்துக்கும் நோயாளிச் சீட்டு வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற மாதம் இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினார். மனைவியிடம் கேட்கவில்லை. விற்றவர் அவசரமாக விற்றார். ஏன் என்பது பிறகு தெரிந்தது. களர் நிலம். வெயில் ஏறினால் மேலே வெள்ளைப் பொருக்கு படியும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலே நின்று நாறும். முதல் விதைப்பில் முளைத்ததை உட்கார்ந்து எண்ணிவிடலாம்.

அலுவலர் ஜிப்சம் போடச் சொல்லி அளவும் எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் அந்த அளவை எட்டாகப் பிரித்தார். வாரம் ஒரு வேளை. எந்த மருந்தையும் ஒரே வேளையில் கொடுத்தால் உடம்பு தாங்காது என்பது அவருக்குக் கையோடு படிந்த பாடம். பொட்டலம் மடிப்பவர் போல அளந்து அளந்து தூவினார். எட்டு வாரம் கழித்து மண் அப்படியே இருந்தது. அலுவலர் வந்து பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார்.

"சார், இது டானிக் இல்ல," என்றார். "மொத்தத்தையும் ஒரே தடவை போட்டு, தண்ணியைத் தேக்கி, வடிச்சு விடணும். நீங்க ஒன்றரை ஏக்கருக்கு சொட்டு மருந்து விட்டிருக்கீங்க."

ஒரு வருடம் அப்படிப் போனது. இரண்டாம் முறை சரியாகப் போட்டார். அதற்குள் மனைவிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அவள் தையற்காரி. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் மகள் வந்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போனாள். பத்து நாள் என்று போனவள். ஒரு கண் ஆறியது. மறு கண் ஆறியது. ஒன்பது மாதம் ஆகிறது.

எப்போது வருகிறாய் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் போனில் பேசினார்கள். வெயில் எப்படி, கண்ணுக்கு மருந்து விட்டாயா, சாப்பிட்டீர்களா. போன வாரம் அவர் தக்கைப்பூண்டு பூக்கப் போகிறது என்றார். புதுக் கண்ணால் நீ இன்னும் நம் நிலத்தைப் பார்க்கவில்லையே என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.  பூத்ததும் சொல்லுங்க, வர்றேன் என்றாள்.

நேற்று மாலை சொன்னார்.

அறையைப் பெருக்கினார். கட்டிலில் சலவை விரிப்பு போட்டார். மூலையில் உறை போட்டு நின்ற தையல் மெஷினை நடுவுக்கு இழுத்து எண்ணெய் விட்டார். இங்கே உப்புத் தண்ணீர், உப்புக் காற்று. ஊசிகள் மூன்று நாளில் துருப்பிடித்துவிடுகின்றன என்று அவள் போவதற்கு முன் அடிக்கடி சொன்னாள். அவர் புது ஊசிகள் வாங்கி, மாத்திரை பாட்டிலில் போட்டு, ஈரம் இழுக்கும் சிறு பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்து இறுக மூடினார். மெஷின் மேல் வைத்தார்.

வந்தவள் தங்கிவிடக்கூடும். அந்த நினைப்பை அவர் அட்டையில் எழுதவில்லை.

---

அதே நேரம், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம், ஏழாவது மாடியில் அவர் மனைவி ஒரு சின்னப் பையை எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டில், கண் மருந்து, ஒரு துண்டு. பை பாதிகூட நிறையவில்லை.

மகள் காபியோடு வந்து பையைப் பார்த்தாள். பிறகு மேஜை மேல் கிடந்த படிவத்தைப் பார்த்தாள்.

மருமகனுக்கு மாற்றல் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாட்டின் மறு கோடி. ரயிலில் இரண்டு பகல், ஒரு இரவு. கம்பெனி வீடு தருகிறது. குடியிருக்கப் போவது எத்தனை பேர் என்ற கட்டத்தைத் தவிர, படிவத்தில் மற்றதெல்லாம் எழுதத் தயாராக இருந்தது. மகள் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டாள். உங்க அப்பாவிடம் நான் கேட்கிறேன் என்றாள் அம்மா. இரண்டு வாரமாகக் கேட்கவில்லை. மாற்றல் வந்ததே அவருக்குத் தெரியாது.

"இன்னைக்காவது கேட்டுடும்மா," என்றாள் மகள். "ராத்திரிக்குள்ள அனுப்பணும். நாலு பேருன்னா பெரிய வீடு. மூணு பேருன்னா சின்னது."

"கேக்கறேன்."

"நீ கேக்க மாட்ட. அவரும் வாயைத் திறக்க மாட்டார். ரெண்டு பேரும் பூவைப் பார்த்துட்டு நிப்பீங்க."

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும். பகல் முழுவதும் அவளும் ஒரு பழைய மெஷினும். மாடியில் இருப்பவர்கள் ஜிப் மாற்ற, பேன்ட் கால் மடிக்கத் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். வாசலிலேயே நின்று கொடுத்து, வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வார்கள். எதிர் வீட்டுக்காரிக்கு இடுப்பு முப்பத்தாறு. மேல் வீட்டுக்காரருக்கு ஒரு கால் அரை அங்குலம் குட்டை. அளவு எல்லோருடையதும் தெரியும். பெயர் ஒருவருடையதும் தெரியாது.

ஆறரைக்கு லிஃப்டில் இறங்கினாள். ஏழரை பஸ்.

---

டிராக்டர்காரருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தினாலும் எஞ்சினை நிறுத்த மாட்டார். எட்டு மணிக்கு வந்தார். கம்பவுண்டர் ஒன்பதரை வரை பொறுக்கச் சொன்னார். மனைவி அந்த பஸ்ஸில் வருகிறாள், பூவோடு ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்றார்.

அவசரம் நிலைமையைச் சொன்னார். இன்று இன்னும் மூன்று வயல் பாக்கி. நாளைக் காலை வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறது. திரும்ப வரப் பத்து நாள். இப்போது விட்டால் இல்லை.

கம்பவுண்டர் யோசித்தார். ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் தெற்கு மூலையிலிருந்து தொடங்கச் சொன்னார். மெதுவாக ஓட்டச் சொன்னார்.

"மெதுவாவா," என்றார் அவசரம். "எனக்கு அந்த கியரே கிடையாது சார்."

சுழல் கலப்பை செடிக்குள் இறங்கியது. நெஞ்சளவு நின்ற பச்சை, ஒரு சுற்றில் கணுக்கால் அளவுக்குச் சரிந்தது. தண்டும் இலையும் பூவும் விரல் நீளத் துண்டுகளாக மண்ணோடு புரண்டன. பச்சை வாசனை எழுந்து வயல் முழுவதும் நின்றது. கொக்குகள் வந்து வண்டிக்குப் பின்னால் நடந்தன. போன வருடம் உழுதபோது ஒரு கொக்குகூட வரவில்லை. இந்த மண்ணில் கொத்த ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்பதரைக்கு பஸ் வரவில்லை. பத்து மணிக்கு மனைவி போன் செய்தாள். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது, மாற்று பஸ்ஸுக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். பின்னால் யாரோ கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. உழுதாச்சா என்று கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றார் அவர்.

பத்தே முக்காலுக்கு ரோட்டோரம் ஒரு பட்டை மட்டும் நின்றது. பத்தடி அகலம், நூறடி நீளம். அவசரம் வண்டியைத் திருப்பினார். கம்பவுண்டர் முன்னால் போய்க் கையைக் காட்டி நின்றார். இது இருக்கட்டும் என்றார்.

அவசரம் பட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக் குடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன்," என்றார். "நட்டு வெச்சுக் காட்டறவரை இப்பத்தான் பார்க்கறேன்."

பத்து நாளில் இது விறகாகிவிடும், வேண்டுமானால் கயிறு திரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் சத்தம் தேய்ந்த பிறகு வயல் மிகப் பெரியதாக இருந்தது.

---

பஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அவள் இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கம்பவுண்டர் முதலில் பையைத்தான் பார்த்தார். அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மாற்று உடை ஒன்று இருக்கும் கனம்கூட அதில் இல்லை.

அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். இளைத்துவிட்டீர்களே என்றாள். வெயில் என்றார்.

பட்டையின் முன்னால் நின்று அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பூ பெரிதாக இருக்கும் என்று நினைத்தாளாம். நகத்தளவு இருந்தது. ஒரு கிளையை இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். இதழின் முதுகில் பழுப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள் இருக்கின்றன என்றாள். அவர் குனிந்து பார்த்தார். நாற்பத்தாறு நாளாக அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு அவள் பட்டைக்கு அப்பால் உழுது கிடந்த வயலைப் பார்த்தாள்.

"அதை உழுதுட்டு இதை ஏன் விட்டீங்க?"

"நீ பார்க்கணும்னு."

"இதையும் உழுதிருக்கணுமா?"

"ஆமா."

"இனிமே?"

வண்டி வராது என்றார். அவள் பட்டையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணால் அளந்தாள். இருபத்தைந்து வருடம் துணி அளந்த கண்.

"ஓரம் அடிக்காம விட்ட துணி மாதிரி இருக்கு," என்றாள். "அரிவாள் ரெண்டு இருக்கா?"

இருந்தது. அவள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாள். கண்ணில் தூசி படக்கூடாது என்று அவர் சொன்னார். அதற்குத்தான் கண்ணாடி என்று மறுபடி போட்டுக்கொண்டாள். அவர் ஒரு முனையிலும் அவள் மறு முனையிலும் தொடங்கினார்கள். பிடி பிடியாக அறுத்து, மூன்று துண்டாக வெட்டி, உழுத மண்ணில் எறிய வேண்டும். பிறகு தண்ணீர் கட்டி மிதித்துவிட்டால் அழுகும். அவள் முதல் கால் மணி நேரம் தடுமாறினாள். அப்புறம் அவரைவிடச் சீராக அறுத்தாள். வெட்டிய துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன.

 நூறடி தூரத்தில் பேச முடியாது. அரிவாள் சத்தம் மாறி மாறிக் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஒன்று தன்னுடையது இல்லை என்பதே கம்பவுண்டருக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றரைக்கு அறைக்குள் போய்ச் சோறு சாப்பிட்டார்கள். மெஷின் நடுவில் நின்றது. அவள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். வைத்த பிறகும் விரல் மூடிமேல் கொஞ்ச நேரம் இருந்தது.

மறுபடி வயலுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு செடியை வேரோடு பிடுங்கினார். வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு. இப்படி இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்றார். மண்ணின் கார அளவு ஒன்பது புள்ளி ஆறிலிருந்து ஒன்பது புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது என்றார். எட்டரைக்கு வர வேண்டும். நோயாளியின் காய்ச்சலைச் சொல்லும் குரலில் சொன்னார்.

அவள் வேரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டரை வர எவ்வளவு நாளாகும்?"

ஆறு மாதம் என்று சொல்லிவிடலாம். களர் என்று தெரிந்த அன்று அதைத்தான் சொன்னார். ஜிப்சம் போட்ட அன்றும் அதையே சொன்னார். வாய் வரை வந்தது.

"மூணு வருஷம்," என்றார். "வருஷா வருஷம் இதை விதைச்சு உழணும். அப்பவும் சுமாராத்தான் விளையும்."

அவள் தலையாட்டினாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ போயிருப்ப."

"சொல்லாமலும் போயிட்டேனே."

ஒரு லாரி ரோட்டில் போனது. தூசி அடங்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மாற்றலைப் பற்றிச் சொன்னாள். நாட்டின் மறு கோடி என்றாள், கம்பெனி வீட்டைச் சொன்னாள், இன்று இரவுக்குள் எழுதித் தர வேண்டிய படிவத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். இவள் விடைபெற வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டார். பை ஏன் அவ்வளவு இலேசு என்பதும் புரிந்துவிட்டது.

"எப்போ போறீங்க?" என்றார்.

"போறீங்கன்னு ஏன் சொல்றீங்க? உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன்."

கம்பவுண்டர் கையில் இருந்த அரிவாளைத் தரையில் வைத்தார்.

"நீ இருந்துடுவேன்னு நெனச்சேன்."

"தெரியும். இறங்கினதும் பையைப் பார்த்தீங்களே."

உழுததற்கு உடனே தண்ணீர் கட்ட வேண்டும், பத்து நாள் ஈரம் காயக்கூடாது என்றார் அவர். இல்லாவிட்டால் இத்தனையும் சருகாகிவிடும். வாய்க்காலில் அவருடைய தண்ணீர் முறை இன்று ஆறு மணிக்கு. அடுத்த முறை எட்டு நாள் கழித்து.

"பத்து நாளா?" என்றாள். "மூணு வருஷமா?"

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"நான் ஒண்ணும் குறையா சொல்லல. நீங்க இங்க மண்ணோட பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் அங்க ஏழாவது மாடியில நூலோட பேசிக்கிட்டு இருக்கேன். இங்க வந்தாலும் நான் ஒருத்திதான். அங்க போனாலும் ஒருத்திதான். சரி, ஒரே இடத்துல இருந்தாவது அப்படி இருக்கலாமேன்னு பார்த்தேன்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. நிலம் வாங்குவதற்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. இப்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அவள் எழுந்து பட்டைக்குப் போனாள். மூன்றரை வரை அறுத்தார்கள். முடியவில்லை. நடுவில் இருபதடிக்குச் செடி நின்றது. இரண்டு பேருக்கும் இடையில் அவ்வளவுதான் பாக்கி.

நாலு மணி பஸ் சரியாக வந்தது. அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, கொப்புளம் வந்திருக்கிறது என்றாள். மருந்து போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்றாள். வீடு என்று அவள் சொன்ன இடம் எது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வயல் இருந்த பக்கம்தான். கறுப்புக் கண்ணாடியில் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

---

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் நுரை, பிறகு சருகு, பிறகு தண்ணீர். கம்பவுண்டர் மடையைத் திறந்து உள்ளே விட்டார். உழுத பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நறுக்கிய தழை மிதந்து, சுற்றி, மெல்ல நனைந்து அமிழ்ந்தது. அவர் மண்வெட்டியோடு பின்னாலேயே நடந்து, மிதந்ததை மிதித்தார்.

பக்கத்து வயல்களில் ஒருவரும் இல்லை. போன வருடம் வரை வரப்பில் நின்று கிண்டல் செய்யவாவது இரண்டு பேர் வருவார்கள். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

வெளிச்சம் இறங்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்.

இன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன், அம்மாவும் வந்துவிட்டாள் என்றாள். கையெல்லாம் கொப்புளம், என்ன வேலை வாங்கினீர்கள் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அப்பா, எத்தனை பேருன்னு எழுதட்டும்?"

"அம்மாகிட்ட கேளு."

"அம்மா உங்ககிட்ட கேக்கச் சொல்றா."

வடக்கு வரப்பில் தண்ணீர் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தார். வரப்பு ஒரு முழத்துக்கு அறுத்துக்கொண்டு, தண்ணீர் தாழ்வான பக்கத்து வயலுக்குள் கொட்டியது. கொஞ்சம் இரு என்றார். போனை வரப்பின் மேல் வைத்துவிட்டு ஓடினார்.

உடைப்பு அகலமாகிக்கொண்டிருந்தது. களர் மண்ணில் உடைப்பு அடைப்பது சுலபமில்லை. நனைந்தால் மாவாகக் கரையும். போன வருடம் இதே இடத்தில் நாற்பது தட்டு மண் வெட்டிப் போட்டார். நாற்பதும் பாலாகக் கரைந்து போனது. கடைசியில் தானே குறுக்கே உட்கார்ந்து, முறை முடியும் வரை முதுகால் தண்ணீரைத் தடுத்தார்.

வயலுக்குள்ளிருந்தே மண் வெட்டினார். வேரும் தழையும் பின்னிய கட்டி. உடைப்பில் போட்டுக் காலால் அழுத்தினார். கரையும் என்று காத்திருந்தார். தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடியது. கட்டி நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் நின்றது. பதினோரு கட்டியில் உடைப்பு அடைந்தது.

நம்பாமல் குனிந்து கையால் தொட்டார். அழுத்திப் பார்த்தார். மண் விரலில் மாவாக ஒட்டவில்லை. உதிர்ந்தது. வேர்கள் அதைப் பிடித்திருந்தன.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். சொல்ல ஒருவரும் இல்லை.

வரப்பின் மேல் சின்ன வெளிச்சம் தெரிந்தது. போன். மறந்தே போயிருந்தார். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். இணைப்பு அறுந்திருக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. பதிமூன்றாகியது.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் மனைவி. "தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. வடக்கு வரப்பு உடைஞ்சுது. மண்ணு வெட்டிப் போட்டேன்." மூச்சு வாங்கியது. "கரையல."

 போன வருடம் சேறு பூசிய முதுகோடு அவர் அறைக்கு வந்ததைப் பார்த்தவள் அவள்தான்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள். நேரமாகிறது என்பதுபோல் இருந்தது. மனைவி போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளிடம் சொன்னாள். அவருக்கும் கேட்டது.

"எத்தனை பேருங்கற கட்டத்தை விட்டுட்டு மத்ததை எழுது."